‘ஐயோ’வுக்குப் பின் ‘பாவம்’

காலை ஆறே காலுக்குச் செய்தி வந்தது. தோத்தாத்ரி சிரித்தார்.

திட்டுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். ஒரு தனி மனிதர் என்று நினைத்துத் திட்டினால் உங்கள் கோபம் வீணாகும். அவர் ஓர் இனம். ‘முதலில் சிரித்துவிடுபவர்’ என்று அந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்ளலாம். தாம்பரத்திலிருந்து வேளச்சேரி போகும் சாலையில் எந்தத் தெருவுக்குள் வேண்டுமானாலும் திரும்பிப் பாருங்கள். முதல் மாடி பால்கனியில், காயப்போட்ட வேட்டிக்கும் துளசித் தொட்டிக்கும் இடையில், கையில் காபி டம்ளரோடு ஒருவர் நிற்பார். கீழே யாருக்காவது செருப்பு அறுந்தால், யாருடைய குடையாவது காற்றில் மல்லாந்துகொண்டால், யாருடைய பையிலிருந்தாவது தக்காளி உருண்டு ஓடினால், அவர் முகத்தில் ஒரு விளக்கு எரியும். அவர்தான்.

கொடுமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். வெள்ளம் வந்த வருஷம் முடிச்சூர்ப் பக்கம் எலுமிச்சம்பழ சாதப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுத்தவர். தொலைக்காட்சித் தொடரில் மாமியார் மருமகளை அதட்டினால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பவர். தெரு நாய்க்கு நொண்டுகிற கால் எது என்பது வரை தெரிந்து வைத்திருப்பவர். இரக்கத்துக்கு ஒன்றும் குறைவில்லை. வரிசையில்தான் கோளாறு. சிரிப்பு முந்திக்கொள்கிறது, இரக்கம் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு பின்னால் வருகிறது.

இந்த இனத்தார் எப்போதும் சொல்வது ‘ஐயோ பாவம்’. அதைக் கவனித்துக் கேட்டிருக்கிறீர்களா? ‘ஐயோ’வைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம். வாய் திறந்திருக்கும், பல் தெரியும், யாரும் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ‘பாவம்’ அப்படியில்லை. அதற்கு உதட்டை மூடித்தான் ஆக வேண்டும். மூடினால் சிரிப்பு நின்றுவிடும். ஆகவே நம் ஆட்கள் ‘ஐயோ’வை விடமாட்டார்கள். “ஐயோ... ஐயோ... ஐயய்யோ...” என்று இனி நீட்ட முடியாது என்கிற வரை நீட்டி, கண்ணைத் துடைத்து, மூச்சு வாங்கி, எதிரே யாராவது நம்மைப் பார்க்கிறார்களா என்று பார்த்து, அதற்கப்புறம்தான் அந்தப் ‘பாவம்’ வரும். ஒரு மனிதரின் கருணையை அளக்க அவர் கொடுத்த நன்கொடையைப் பார்க்காதீர்கள். ‘ஐயோ’வுக்கும் ‘பாவ’த்துக்கும் நடுவே எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்று பாருங்கள். இதெல்லாம் இவ்வளவு நுணுக்கமாக எனக்கு எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

தோத்தாத்ரி ராஜகீழ்ப்பாக்கத்துக்காரர். அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். போன மழைக்கு முன்னால் அவர் தெருவில் சாக்கடைக் குழாய் பதிக்கத் தோண்டினார்கள். பதித்தார்கள். மூடினார்கள். மூடிய இடம் முதல் மழையிலேயே உள்வாங்கி, அவர் பால்கனிக்கு நேர் கீழே பள்ளமாகி, தண்ணீர் நின்று, பார்ப்பதற்குச் சாலை மாதிரியே ஆகிவிட்டது. புதிதாக வருபவர்களுக்கு அது சாலை. தெருக்காரர்களுக்குப் பள்ளம். தோத்தாத்ரிக்குத் தியேட்டர்.

தியேட்டருக்கு இன்னொரு ரசிகரும் உண்டு. பின் தெரு ஜெயவேலு. அந்தப் பக்கத்தில் நெல் விளைந்த காலத்திலிருந்தே இருக்கிற குடும்பம். தோத்தாத்ரியின் ஃபிளாட் நிற்கிற மனையே ஒரு காலத்தில் அவர்களுடையது. “நீ பட்த்துக்கினு கீற ரூம்புல எங்க எருமை பட்த்துக்கினு இருந்துது சார்” என்று ஆரம்பித்த சிநேகம். மழைக்காலத்துச் சாயங்காலங்களில் படியேறி வந்துவிடுவார்.

“கீயயே நின்னு பார்க்கலாமே, ஏன் மூச்சு வாங்க ஏறி வரேள்?” என்று தோத்தாத்ரி அவர் பாஷையிலேயே பாதி கேட்டார் ஒருமுறை.

“கீய நின்னு சிரிச்சா எயுந்து வந்து அடிப்பான் சார். மேலேர்ந்து சிரிச்சா சாமி சிரிக்கறா மாரி. எங்கேர்ந்து வருதுன்னே அவனுக்குத் தெரியாது.”

வர்ணனை ஜெயவேலுவுடையது. “வருது சார், செவப்பு வண்டி வருது... போன் பேசிக்கினே வருது... ஒரு கையால ஓட்டுது, பெரிய ஆளு... ‘சொல்லுங்க சொல்லுங்க’ன்னுது... ஆங், சொல்லிட்டாங்க!”

அப்புறம் இருவரும் ‘ஐயோ’வை ஆளுக்கொரு சுருதியில் நீட்டுவார்கள்.

இதில் ஹெல்மெட் பெரிய உபகாரம். ஹெல்மெட் போட்டவருக்கு முகம் கிடையாது. முகம் இல்லாதவர் விழுந்தால் மனிதர் விழுந்த மாதிரியே இருக்காது. ஒரு வண்டி, ஒரு பை, இரண்டு கால்கள் விழுந்த மாதிரி இருக்கும். இரண்டு கால்களைப் பார்த்துச் சிரிப்பதில் என்ன தப்பு? ஒரு நாள் அப்படித்தான் ஒரு ஸ்கூட்டர் சாய்ந்தது, சேலை சேற்றில் புரண்டது, டிபன் பாக்ஸ் மூடி தனியாக மிதந்தது. இருவரும் ‘ஐயோ’வில் பாதி தூரம் போயிருந்தார்கள். கீழே இருந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார். செல்வமேரி டீச்சர். தோத்தாத்ரியின் மகள் ஸ்ம்ருதிக்குப் பத்தாம் வகுப்பில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர்.

சிரிப்பு பொசுக்கென்று அணைந்தது. இரக்கம் வந்துவிட்டது. வந்ததும் தோத்தாத்ரி என்ன செய்தார்? இறங்கி ஓடினார் என்றுதானே நினைக்கிறீர்கள்? துளசித் தொட்டிக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டார்.

இறங்கிப் போனது ஜெயவேலு. அதுவும் சிரிப்பை மேலே வைத்துவிட்டுப் போகவில்லை; கூடவே எடுத்துக்கொண்டு போனார். “இன்னா டீச்சர், கணக்கு தப்பாப் போச்சா?” என்று கேட்டுக்கொண்டே வண்டியைத் தூக்கி நிறுத்தினார். அழுகிற நிலையில் இருந்த டீச்சர், “போங்க சார், நீங்க வேற!” என்று சொல்ல ஆரம்பித்து, சொல்லி முடிப்பதற்குள் தானும் சிரித்துவிட்டார். குழாயடிக்குக் கூட்டிப்போய்க் காலைக் கழுவச் சொல்லி, மிதந்த மூடியையும் ஒற்றைச் செருப்பையும் எடுத்துக் கொடுத்து, அனுப்பிவிட்டு வந்தார். மறுநாள் ஒரு முருங்கைக் கிளையை ஒடித்துவந்து பள்ளத்தின் நடுவே நட்டும் வைத்தார். தோத்தாத்ரி வாயாரப் பாராட்டினார். மனசுக்குள் மட்டும், டிக்கெட் வாங்கி உட்கார்ந்தவருக்குப் பாதிப் படத்தில் கரண்ட் போன வருத்தம்.

படித்தவர் இல்லையா? அன்று சாயங்காலமே அதற்கு ஒரு தத்துவமும் சொன்னார்.

“அடுத்தவா விழுந்தா நமக்கு ஏன் சிரிப்பு வரது தெரியுமோ? அப்பாடா, விழுந்தது நாம இல்லைன்னு ஒரு நிம்மதி. அதான் சிரிப்பா வெளியில வரது.”

ஜெயவேலு கொஞ்ச நேரம் காபியை ஆற்றினார். “உனக்கு அப்டியா சார் வருது? எனக்கு, தோ பார்றா, நம்மள மாரியே ஒருத்தன் வுயுறான்னு வருது.”

“ரெண்டும் ஒண்ணுதான்.”

“ஒண்ணா? சரி வுடு. பள்ளத்துல கெளய எவனோ புடுங்கிட்டான், காலைல வேற நடணும்.”

‘நம்மள மாரி’ என்று அவர் சொன்னது மரியாதைக்காக இல்லை. ஜெயவேலு சொந்தமாகவும் விழுவார். அதுவும் விதவிதமாக. முருங்கைக்காய் பறிக்க ஏறிய ஸ்டூலிலிருந்து, புதிதாக டைல்ஸ் போட்ட வராந்தாவில், ஒருமுறை கல்யாண மண்டபத்தில் ஆசீர்வாதம் வாங்கக் குனிந்த மாப்பிள்ளையின் மேலேயே. விழுந்தால் அன்றைக்கே பின் தெருவிலிருந்து போன் வரும். பேசுவது அவர் மனைவி அஞ்சம்மாள்.

“சார், உங்க தோஸ்து வுயுந்துட்டாரு. சிரிக்கறதுக்கு வாங்க.”

பின்னணியில் ஜெயவேலு யாரையோ, பெரும்பாலும் தரையை, திட்டிக்கொண்டிருப்பது கேட்கும். தோத்தாத்ரி போனிலேயே ‘ஐயோ’வை ஆரம்பித்து, சட்டையை மாட்டிக்கொண்டு, பின் தெரு போய்ச் சேர்கிற வரை நீட்டுவார். இப்படி ஒரு பழக்கம்.

இப்போது ஆறே காலுக்கு வாருங்கள்.

போன் அடித்தது. அஞ்சம்மாள் பெயர். எடுத்தார்.

“சார். அவரு வுயுந்துட்டாரு.”

தோத்தாத்ரி சிரித்தார். அரைகுறையாக இல்லை; தூங்கி எழுந்த தெம்போடு, முழுசாக, “ஐயோ... ஐயய்யோ... இந்தத் தடவை எங்கேம்மா?” என்று.

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. யாரும் தரையைத் திட்டவில்லை.

“மோட்டார் சுச்சு போடப் போனாரு சார். வுயுந்தவரு எயுந்திருக்கல. ஆம்புலன்சுல வந்தவன் பார்த்துட்டு, போய்ட்டாருன்னுட்டான்.”

இப்போது சொல்ல வேண்டியது ‘பாவம்’. உதடு மூடியது. மூடியது மூடியபடியே இருந்தது. போனை வைத்துவிட்டார்.

சமையலறையிலிருந்து மனைவி பட்டு எட்டிப் பார்த்தாள். “யாருன்னா?”

“ஜெயவேலு போயிட்டார்.”

“பெருமாளே!” கையிலிருந்த கரண்டியோடு வந்து எதிரே நின்றாள். ஒரு நிமிஷம் கழித்துத்தான் அவளுக்கு உறைத்தது. “இப்ப சிரிச்சேளே?”

“அது முன்னாடி.”

“முன்னாடின்னா? அஞ்சம்மா சொல்றதுக்கு முன்னாடியா, சொன்னதுக்கு அப்புறமா?”

“நடுவில.”

பட்டு கரண்டியை மேஜைமேல் வைத்தாள்.

நம் இனத்தாரின் பலவீனம் இங்கேதான். ஊரே விழுந்தாலும் தாங்குவார்கள். தாங்கள் விழுந்த இடத்திலிருந்து எழுந்திருக்கத் தெரியாது. ஓடியிருக்க வேண்டிய மனிதர் ஷேவ் பண்ணிக்கொண்டார். குளித்தார். சாவு வீட்டுக்குப் போய்விட்டு வந்து குளிப்பார்கள்; இவர் போவதற்கு முன்னால் இரண்டு முறை குளித்தார். கண்ணாடி முன் நின்று ஒத்திகை பார்த்தார். ‘சிக்னல் சரியா இல்லம்மா, பாதிதான் கேட்டுது.’ பொய். ‘வேற யாரோன்னு நெனச்சுட்டேன்.’ பச்சைப் பொய். ‘அது சிரிப்பு இல்ல, இருமல்.’ இதைச் சொல்லிப் பார்த்தபோது கண்ணாடியில் இருந்தவரே நம்பவில்லை. புருஷன் செத்துப்போனதைச் சொன்னவளிடம் வாய்விட்டுச் சிரித்தாயிற்று. இனி அந்த வீட்டு வாசலை எப்படி மிதிப்பது? மிதிக்காமல் எப்படி இருப்பது?

“நான் முன்னாடி போறேன்” என்று பட்டு புடவை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். “நீங்க வாங்கோ. வந்து, ஆம்பளைகளோட ஒரு சேர்ல உக்காருங்கோ. வாயை மட்டும் திறக்காதீங்கோ. துக்கமோ என்னவோ, எதுக்கும் திறக்காதீங்கோ.”

போனார். ஷாமியானா போட்டிருந்தது. பந்தலுக்கடியில் பிளாஸ்டிக் நாற்காலிகள். எல்லாச் சாவு வீட்டிலும் போல ஆண்கள் மெதுவான குரலில் செம்பாக்கத்தில் நிலம் என்ன விலை போகிறது என்று பேசிக்கொண்டிருந்தார்கள். நடுக்கூடத்தில் ஐஸ் பெட்டி, வாசல் வழியாகத் தெரிந்தது. கண்ணாடிக்குள் ஜெயவேலு. தலைமாட்டில் அஞ்சம்மாள். தோத்தாத்ரி அவளுடைய பார்வை படாத நாற்காலியாகத் தேடி, ஒரு தடித்த மனிதரின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தார். துளசித் தொட்டிக்குப் பதிலாக இவர்.

அப்போதுதான் வட்டாரப் பிரமுகர் ஒருவர் வந்தார். சுற்றிலும் நாலு பேர், முன்னால் போட்டோ எடுக்க ஒருவர். கையில் மாலை, மாலையென்றால் மாலை, ஓர் ஆள் உயரம், வண்டிச் சக்கர அகலம். அதை இரண்டு கையாலும் முகத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்திருந்ததால், அவருக்கு வழி தெரியவில்லை. பார்க்கிறவர்களுக்கு அவர் முகம் தெரியவில்லை. வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியும் போட்டுக்கொண்டு ஒரு மாலை நடந்து வருகிற மாதிரி இருந்தது. கூட்டம் எழுந்து நின்றது. மாலை கம்பீரமாகப் படியேறியது. ஐஸ் பெட்டிக்குப் போகிற மின்சார வயர் காலை வாரியது. மாலை ஒரு திசையிலும் பிரமுகர் ஒரு திசையிலும் போனார்கள். பிரமுகர் பின்பக்கமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தார். நாற்காலி நான்கு காலையும் நான்கு பக்கமும் விரித்துக்கொண்டு படுத்தது. மாலை, போட்டோக்காரர் கழுத்தில் விழுந்தது. போட்டோக்காரர் பழக்க தோஷத்தில் கும்பிட்டார்.

யாரும் சிரிக்கவில்லை. சாவு வீடு.

தோத்தாத்ரி பல்லைக் கடித்தார். நாக்கைக் கடித்தார். துண்டை வாயில் வைத்து அழுத்தினார். வலது கைப்பக்கம் முழங்கை இடிக்கும் என்று உடம்பு காத்திருந்தது. இடிக்கவில்லை. ‘ஆங், சொல்லிட்டாங்க’ என்று யாரும் காதில் சொல்லவில்லை. பக்கத்து நாற்காலியில் யாரோ ஒருவர் செம்பாக்கம் நிலத்தைப் பற்றி யோசித்துக்கொண்டிருந்தார். தோத்தாத்ரியின் தோள் குலுங்க ஆரம்பித்தது. நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் கொட்டியது, மூக்கு ஒழுகியது.

“உயிர் சிநேகிதம், பாவம்” என்று யாரோ முதுகைத் தடவிக் கொடுத்தார்கள். அது எந்த அழுகை, எந்தச் சிரிப்பு என்று அவருக்கே தெரியாதபோது, தடவியவரைத் திருத்தி என்ன பயன்?

ஒரு பெண் வந்து சொன்னாள்: “சார், அக்கா உங்கள உள்ள கூப்புடறாங்க.”

போனார். ஒத்திகை பார்த்த மூன்று பொய்யில் ஒன்றுகூட நினைவில் இல்லை. பெண்கள் வழிவிட்டார்கள். பட்டு சுவரோரத்திலிருந்து, வாயை மூடும்படி கண்ணாலேயே அதட்டினாள். அஞ்சம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அழுதழுது குரல் கம்மியிருந்தது.

“நீ சிரிச்ச தானே சார்?”

“அஞ்சம்மா, நான் காலைல போன்ல...”

“காலைல இல்ல. இப்ப. அந்த ஆளு வுயுந்தாரே, அப்ப.”

தோத்தாத்ரி தலையை ஆட்டினார். பொய் சொல்ல நேரமில்லை.

“எனக்கும் வந்துச்சு. இவருகிட்ட சொல்லலாம்னு இப்டி திரும்பினேன்.” கண்ணாடியைத் தடவினாள். அதில் பனி பிடித்திருந்தது. “பார்த்தா, படுத்துக்கினு கீறாரு.”

பிறகு அவளே சொன்னாள். “காலைல நீ சிரிச்சியே சார். நான் போனை காதுல வெச்சிக்கினே மோட்டார் ரூமாண்ட எட்டிப் பார்த்தேன். எப்பவும் போல எயுந்து ஒக்காந்துகினு தரையத் திட்டுவாருன்னு. ஒரு நிமிசம் அப்டிதான் தோணிச்சு.” முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். “வேற யாருக்குச் சொன்னாலும் எடுத்ததும் அழுதாங்க சார்.”

அவள் மன்னித்தாளா இல்லையா என்று கேட்பீர்கள். மன்னிப்பு என்ற பேச்சே வரவில்லை. மடியிலிருந்து ஒரு போனை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

“இது அவரு போனு. இதுலதான் எல்லார் நம்பரும் கீது. நீ சொல்லிடு சார். என்னால இனிமே ஆவாது.”

வாசலோரம் மோட்டார் பைக்குகள் நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்து தோத்தாத்ரி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எளிய வேலை என்றுதான் நினைத்தார். ஆனால் எதிர்முனையில் எடுப்பவர் போனில் தெரிவது ஜெயவேலுவின் பெயர். எடுப்பவர்கள் ஜெயவேலுவிடம் பேசுவது போலவே எடுத்தார்கள். “இன்னாபா, இன்னா காலங்காத்தால?” என்றார் மாடம்பாக்கத்து மைத்துனர். “அண்ணே, சிமெண்ட் நாளைக்குத்தான் வரும்” என்றார் இன்னொருவர். முதலில் தன் பெயரைச் சொல்லிவிட்டு, அப்புறம் விஷயத்தைச் சொல்ல வேண்டும் என்று தோத்தாத்ரி கற்றுக்கொண்டார். ‘விழுந்துவிட்டார்’ என்ற சொல்லைத் தொடவே இல்லை. பேப்பரில் போடுகிற மாதிரி, “காலமாகிவிட்டார்” என்றார்.

அப்புறம் பொன்னுசாமி. கோவளத்தில் மீன் ஏலம் எடுக்கிறவர். ஜெயவேலுவோடு சின்ன வயதிலிருந்து பழக்கம். தோத்தாத்ரி பார்த்ததில்லை. மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டார். எடுக்கும்போதே சிரிப்பு. பின்னால் கடல் சத்தம், ஏலம் கூவுகிற சத்தம்.

“இன்னா மச்சான்! ஒயுங்கா எயுந்து நடமாடறியா, இல்ல எங்கனா வுயுந்து கெடக்கறியா?”

தோத்தாத்ரி வாயைத் திறந்தார். தன் பெயரைச் சொல்ல வேண்டும். அதுதான் முறை.

“ஏய், இன்னாடா, பேச்சையே காணோம்? வுயுந்துட்டியா?” பொன்னுசாமி பக்கத்தில் யாரிடமோ, “ஜெயவேலுடா, வுயுந்துட்டான் போல கீது, பேச மாட்றான்” என்றார். அங்கேயும் யாரோ சிரித்தார்கள். “ஐயோ... ஐயய்யோ... இரு மச்சான், வஞ்சிரம் போய்க்கினு கீது, வுட்டா வேற எவனாவது தூக்கிடுவான். முட்ச்சிட்டு நானே கூப்புடறேன். அதுவரிக்கும் எயுந்திருக்காத!”

வைத்துவிட்டார்.

தோத்தாத்ரி போனைப் பார்த்துக்கொண்டு நின்றார். பைக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிந்தது. சிரித்துக்கொண்டிருந்தது.

இனி உங்கள் விஷயம். மாலை போட்டோக்காரர் கழுத்தில் விழுந்த இடத்தில் உங்கள் உதடு என்ன செய்தது? கூடத்தில் ஒருவர் கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்தார், அது உங்களுக்குத் தெரியும், நான் மறைக்கவில்லை. பதில் சொல்ல வேண்டாம். சங்கடம் எனக்குப் புரியும். கருணை உள்ளவர்தான் நீங்கள், வரிசைதான் கொஞ்சம் முன்னே பின்னே. மழை பெய்கிற ஒரு சாயங்காலம் ராஜகீழ்ப்பாக்கம் பக்கம் வந்தால் பால்கனிக்கு ஏறி வாருங்கள். ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது.

சாயங்காலம்தான் எடுப்பதாக இருந்தார்கள். பெங்களூரிலிருந்து ஜெயவேலுவின் மகன் சூர்யா வர வேண்டும். மத்தியானம் வரை பொன்னுசாமி கூப்பிடவில்லை. அவருக்கு இன்னும் சொல்லவில்லை.